'நாளை' என்றால் எந்த நாளை? – அரசு அறிவிப்புகளும் சமூக ஊடகமும்

2023 டிசம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். மிக்ஜாம் புயல் சென்னைக்குப் பக்கத்துல கடலில் சுத்திக்கிட்டு இருந்த நேரம். எங்க குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு படம் வந்தது. அரசு முத்திரை, கோணலாக ஸ்கேன் செய்த ஒரு செய்திக்குறிப்பு. ஒரு ஏரியின் பெயரைச் சொல்லி, 'நாளை காலை முதல்' உபரிநீர் வெளியேற்றப்படும், கரையோர மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள் என்று இருந்தது. தேதி இருக்க வேண்டிய இடத்தை யாரோ வெட்டிவிட்டு அனுப்பியிருந்தாங்க.

அப்பா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். பிறகு மூன்று கேள்வி கேட்டார்.

"இது இன்னைக்கு வந்ததாடா, பழசா? 'நாளை'ன்னா எந்த நாளை? நம்ம தெருவுக்குத் தண்ணி வருமா, வராதா?"

"இருங்கப்பா, பார்த்துச் சொல்றேன்" என்று போனை எடுத்தேன். இருபது வருஷத்துக்கு மேல கம்ப்யூட்டர்தான் தொழில். ஆனாலும் அந்த மூன்று கேள்விக்குப் பதில் தேட அரை மணி நேரம் ஆச்சு. சம்பந்தப்பட்ட துறையின் பக்கத்தைத் திறந்தால் ஆய்வுப் படங்கள். குடை பிடித்த அதிகாரிகள், விரல் நீட்டும் ஒருவர், நீட்டிய திசையைப் பார்க்கும் பத்து பேர். கடைசியில் தெரிந்தது: அது இரண்டு வருஷத்துக்கு முந்தைய அறிவிப்பு. குழுவில் போட்டேன். கீழ்த்தளத்தில் பைக்கை நகர்த்திக்கொண்டு இருந்தவங்க திட்டிக்கொண்டே உள்ளே போனாங்க.

அன்று ராத்திரி அதே அச்சில் இன்னொரு படம் வந்தது. அதே முத்திரை, அதே வாக்கியம், அதே 'நாளை'. இந்தத் தடவை அது உண்மையானது. ஆனால் குழுவில் ஒருத்தர் 'பழசு, நம்பாதீங்க' என்று எழுத, நாலு பேர் கட்டைவிரல் காட்டினாங்க. மறுநாள் கரண்டும் இல்லை, சிக்னலும் இல்லை. கீழ்த்தளத்தில் இருந்த ஒரு வயதான தம்பதியை முழங்காலுக்கு மேல் தண்ணீரில் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்தோம். ஒன்றும் ஆகலை. ஆகியிருக்கலாம்.

முதல் படத்தை 'பழசு' என்று சொன்னது நான்தான். அந்தப் படத்தைப் பொறுத்தவரை நான் சொன்னது சரி. ஆனால் இரண்டாவது படத்தை யாரும் நம்பாமல் போனதற்கு அதுதான் காரணம். இது ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டே இருக்கு. அதனால்தான் இந்தக் குறிப்பு.

'வெளியிட்டோம்' என்பதும் 'போய்ச் சேர்ந்தது' என்பதும்

2024 டிசம்பரில், ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு, சாத்தனூர் அணை பற்றி நடந்த விவாதத்தை நினைத்துப் பாருங்க. டிசம்பர் 2 அதிகாலை அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கனஅடி தண்ணீர் தென்பெண்ணையில் திறக்கப்பட்டது. திருவண்ணாமலை, விழுப்புரம், கள்ளக்குறிச்சி, கடலூர் மாவட்டங்களில் கரையோர ஊர்கள் மூழ்கின. முன்னறிவிப்பு இல்லாமல் திறந்தார்கள் என்றன எதிர்க்கட்சிகள். ஐந்து முறை வெள்ள எச்சரிக்கை விடப்பட்டது என்றார் நீர்வளத்துறை அமைச்சர்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இதே வாதம், ஆட்சியும் எதிர்க்கட்சியும் இடம் மாறி நடந்தது. 2015 டிசம்பர் 1-ஆம் தேதி செம்பரம்பாக்கத்திலிருந்து அடையாற்றில் விநாடிக்கு 29,000 கனஅடி வரை திறக்கப்பட்டது. அப்போது எதிர்க்கட்சியாக இருந்தவர்கள் எச்சரிக்கை இல்லை என்றார்கள். ஆட்சியில் இருந்தவர்கள் கொடுத்தோம் என்றார்கள். 2018-ல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட இந்தியத் தணிக்கைத் துறையின் அறிக்கை அந்த வெள்ளத்தை மனிதர்களால் நேர்ந்த பேரிடர் என்றே சொன்னது.

யார் சொன்னது சரி என்று நான் தீர்ப்பு சொல்லப் போவதில்லை. இரண்டு தடவையும் சண்டை ஒரே கேள்வியைச் சுற்றித்தான்: எச்சரிக்கை 'விடப்பட்டதா, இல்லையா'? என் பார்வையில் கேள்வியே தப்பு. விடப்பட்டது என்றே வைத்துக்கொள்வோம். யாருக்குப் போய்ச் சேர்ந்தது? சேர்ந்தவருக்குப் புரிந்ததா? புரிந்தவருக்குச் செய்ய ஏதாவது இருந்ததா? ஐந்து முறை சொன்னேன் என்பது சொன்னவரின் கணக்கு. கேட்டவரின் கணக்கு எந்தக் கோப்பிலும் இல்லை.

என் தொழிலில் இது அரிச்சுவடி. இரண்டு கம்ப்யூட்டர் பேசிக்கொள்ளும்போது ஒன்று அனுப்பும், மற்றது 'கிடைத்தது' என்று பதில் அனுப்பும். அந்தப் பதில் வராவிட்டால் அனுப்பியது மறுபடி அனுப்பும். அதுவரைக்கும் வேலை முடிந்ததாகக் கணக்கில் வராது. பதிலே எதிர்பார்க்காமல் அனுப்பிவிட்டுப் போகும் முறையும் உண்டு. வீடியோ அழைப்பில் ஒரு நொடி படம் உடைந்தால் குடி முழுகிப் போகாது, அதுக்கு அது போதும். அணை திறப்புக்குப் போதாது.

சமூக ஊடகம் வந்தபோது அரசுக்குக் கிடைத்த பெரிய வாய்ப்பு இந்த 'கிடைத்தது' என்கிற பதில்தான். நாளிதழில் அறிவிப்பு போட்டால் வாசகர் திருப்பிக் கேட்க முடியாது. ட்விட்டரில் போட்டால் ஐந்தாவது நிமிஷமே 'எங்க ஊர் இதில் வருமா?' என்று ஒருத்தர் கேட்பார். அந்தக் கேள்விதான் அறிவிப்பில் எங்கே ஓட்டை என்று காட்டுவது. ஆனால் பல துறைகளின் பக்கங்களில் கேள்விகள் அறிவிப்புக்குக் கீழே அப்படியே கிடக்கும். பதில் வந்தாலும் 'சம்பந்தப்பட்ட துறையின் கவனத்துக்குக் கொண்டு செல்லப்பட்டது' என்று வரும். இரண்டு பக்கமும் கதவு உள்ள வீட்டில் ஒரு கதவுக்கு ஆணி அடித்து வைத்த கதை.

அந்த ஒரு வாக்கியம்

மழைக்காலத்தில் திரும்பத் திரும்ப வரும் அந்த வாக்கியத்தையே எடுத்துக்கொள்வோம். 'தாழ்வான பகுதிகளில் வசிக்கும் மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.'

தாழ்வான பகுதி எது? எழுதுகிற பொறியாளருக்கு வரைபடத்தில் தெரியும். அங்கே குடியிருப்பவருக்கு 'எங்க தெரு தாழ்வு' என்று தெரியணும்னு ஒரு கட்டாயமும் இல்லை. 2015-ல் மூழ்கிய எத்தனையோ வீட்டுக்காரர்கள் தாங்கள் ஆற்றங்கரையில் இருக்கிறோம் என்றே நினைத்ததில்லை. பாதுகாப்பான இடம் எது? பள்ளிக்கூடமா, மண்டபமா, அதன் கதவு திறந்திருக்கா? எப்போது போகணும்? இப்பவா, விடிந்த பிறகா? யார் கேட்டுக்கொள்கிறார்? 'கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்' என்பதில் கேட்பவரே இல்லை. தமிழில் 'படு' சேர்த்து எழுதினால் செய்பவர் காணாமல் போகும் வசதி உண்டு. அலுவலகத் தமிழுக்கு அது ரொம்பப் பிடிக்கும். தவறு நேர்ந்தால் பொறுப்பேற்க ஆள் இருக்காது. இக்கட்டில் திருப்பிக் கேட்கவும் ஆள் இருக்காது.

அடுத்து, கனஅடி. ஒரு கனஅடி என்பது ஏறக்குறைய 28.3 லிட்டர். தெருவுக்கு வரும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரியை வைத்துக் கணக்குப் போட்டேன். விநாடிக்கு 1,000 கனஅடி என்றால் விநாடிக்கு இரண்டு லாரிக்குச் சற்று அதிகம். 29,000 கனஅடி என்றால் விநாடிக்கு சுமார் 68 லாரி. சாத்தனூரின் 1.68 லட்சம் என்றால் ஒவ்வொரு விநாடிக்கும் 400 லாரிக்குக் கொஞ்சம் குறைவு. இப்படிச் சொன்னால் அளவாவது மனதில் நிற்கும். ஆனாலும் இது அப்பாவின் மூன்றாவது கேள்விக்குப் பதில் ஆகாது. ஆற்றோரத்தில் வாழ்பவருக்குத் தெரிந்த அளவுகோல் அவர் ஊர்ப் பாலம். பாலத்தில் தண்ணீர் எந்த மட்டத்துக்கு எத்தனை மணிக்கு வரும், போன வெள்ளத்தைவிடக் கூடவா குறைவா? இதைத்தான் அவர் கேட்கிறார். அணையில் திறந்த தண்ணீர் கடலோரம் வர மணிக்கணக்கில் ஆகும். சரியாகச் சொன்னால் அந்த மணிநேரம் முழுவதும் மக்களுக்குக் கிடைக்கும்.

வண்ணங்களின் கதையும் இதுதான். இந்திய வானிலை ஆய்வு மையம் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நாலு நிறத்தில் எச்சரிக்கை தருகிறது. 24 மணி நேரத்தில் 204.4 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தால் அது அதி கனமழை. சிவப்பு என்றால் நடவடிக்கையில் இறங்கு என்று பொருள். அது முதலில் நிர்வாகத்துக்கான செய்தி என்று அதிகாரிகள் பல தடவை விளக்கியிருக்காங்க. ஆனால் டிவியில் 'ரெட் அலர்ட்' என்று ஓடும்போது குடும்பத்தில் யார் என்ன செய்யணும் என்று அந்த நிறத்தில் எழுதியிருக்காதே. 2024 அக்டோபரில் சென்னைக்கு ரெட் அலர்ட் வந்ததும் மக்கள் தாங்களே ஒரு பதிலைக் கண்டுபிடித்தாங்க. வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் வரிசையாகக் கார்களை ஏற்றி நிறுத்தினாங்க. அபராதம் போடுகிறார்கள் என்று செய்தி பரவியது, போலீஸ் மறுத்தது. 16-ஆம் தேதி எதிர்பார்த்த மழை வரவில்லை, எல்லோரும் கேலி செய்தாங்க. எனக்குச் சிரிப்பு வரவில்லை. முந்தைய வெள்ளங்களில் வண்டியை இழந்த ஊர், 'என்ன செய்யணும்' என்பதை யாரும் சொல்லாததால் தானே முடிவெடுத்துக்கொண்டது. 'உங்கள் பகுதியில் வண்டி நிறுத்த இந்த மைதானம், இந்த மேம்பாலத்தின் இந்தப் பக்கம்' என்று முதல் நாளே ஒரு பதிவு போட்டிருந்தால் அது கேலிக்கூத்தாக ஆகியிருக்காது.

தனி ஆளாக வானிலை எழுதும் 'தமிழ்நாடு வெதர்மேன்' பிரதீப் ஜானுக்கு இத்தனை வாசகர்கள் எப்படி வந்தாங்க என்பதற்கும் இதில் பதில் இருக்கு. தரவு அவரிடம் அரசைவிட அதிகம் இல்லை. இன்று ராத்திரி எந்தப் பக்கம், எத்தனை மணியிலிருந்து, ஆபீஸ் கிளம்பலாமா, பயப்படணுமா வேண்டாமா என்று பேச்சுத் தொனியில் சொல்கிறார். கணிப்பு மாறினால் மாறிவிட்டது என்று அவரே எழுதுகிறார். மாறியதைச் சொல்பவரைத்தான் மக்கள் அடுத்த தடவையும் நம்புவாங்க.

தரவு இருக்கு, கடைசி அடியில் விழுகிறது

இதில் தொழில்நுட்பக்காரனாக எனக்கு எரிச்சலூட்டும் ஒரு விஷயம் உண்டு. எச்சரிக்கைகளை எப்படி எழுதணும் என்பதற்கு உலகப் பொதுவான ஒரு வடிவம் ஏற்கனவே இருக்கு. பொது எச்சரிக்கை நெறிமுறை. கேப் என்று சுருக்கமாகச் சொல்வாங்க. அதில் ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் தனித்தனிக் கட்டங்கள்: எப்போது அனுப்பப்பட்டது, எப்போதிலிருந்து பொருந்தும், எப்போது காலாவதி, எந்தப் பகுதி, எவ்வளவு கடுமை, எவ்வளவு நிச்சயம், மக்கள் என்ன செய்யணும். இது புதிய எச்சரிக்கையா, முந்தையதன் திருத்தமா, ரத்தா என்பதற்கும் கட்டம் உண்டு. அப்பா கேட்ட மூன்று கேள்விக்கும் இதில் இடம் இருக்கு!

இந்தியாவிலும் இது இருக்கு. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் 'சசேத்' தளம் இந்த நெறிமுறையில்தான் ஓடுகிறது. உருவாக்கியது அரசின் சி-டாட் நிறுவனம். 2023 அக்டோபரில் தமிழ்நாட்டில் எல்லா போனும் ஒரே நேரத்தில் அலறியது ஞாபகம் இருக்கும். செல் பிராட்காஸ்ட் சோதனை. எங்க அலுவலகத்தில் ஒருத்தர் போனைத் தூக்கி மேசையில் போட்டே விட்டார். ஆக, குழாய் இருக்கு, தண்ணீரும் இருக்கு.

எங்கே விழுகிறது என்றால், கடைசி அடியில். அலுவலகத்தில் கடிதம் தயாராகும். கையெழுத்தாகும். யாராவது போனில் படம் எடுப்பாங்க. அந்தப் படம் ட்விட்டருக்கும் ஃபேஸ்புக்குக்கும் வாட்ஸ்அப்புக்கும் போகும். படமாக ஆன நிமிஷமே தேதி, பகுதி, காலாவதி எல்லாம் கம்ப்யூட்டருக்குத் தெரியாத வெறும் புள்ளிகளாகிவிடும். தேடினால் கிடைக்காது. மொழிபெயர்ப்புக் கருவிக்குக் கொடுத்து இந்தியிலோ வங்காளத்திலோ படித்துக்கொள்ள வெளிமாநிலத் தொழிலாளியால் எளிதில் முடியாது. பார்வை இல்லாதவரின் போன் பல நேரம் அதைச் சரியாகப் படித்துச் சொல்லாது. 'படம்' என்று மட்டும் சொல்லிவிடலாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் 42-ஆம் பிரிவு, மின்னணு ஊடகத்தில் வருவது அவர்களும் அணுகக்கூடிய வடிவில் இருக்கணும் என்கிறது. வெள்ள எச்சரிக்கையைப் படமாக மட்டும் போடுவது அந்தப் பிரிவுக்குப் பொருந்துமா என்று யாராவது வழக்கறிஞர் சொன்னால் தெரிந்துகொள்வேன்.

முக்கியமாக, படத்துக்குச் சாவே கிடையாது. 'நாளை பள்ளிகளுக்கு விடுமுறை' என்ற படம் ஒவ்வொரு ஐப்பசி, கார்த்திகையிலும் உயிர்த்தெழுந்து வருவதைப் பார்க்கிறோம். பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டம், போகட்டும். அணை பற்றிய படமும் அதே மாதிரி உயிர்த்தெழும் என்பதுதான் பிரச்னை. சமூக ஊடகத்தில் அரசு எழுதக்கூடாத ஒரே ஒரு வார்த்தையைச் சொல்லு என்றால், 'நாளை' என்பேன். அடுத்தது 'இன்று'. கிழமையும் தேதியும் வருஷமும் போட ஒரு வரி போதும்.

வாடகை வீட்டில் அரசாங்கம்

இன்னொரு ஆபத்து அதிகம் பேசப்படுவதில்லை. இந்தத் தளங்கள் அரசுக்குச் சொந்தமில்லை. 2023 ஏப்ரலில் ட்விட்டர் தன் ஏபிஐ விதிகளை மாற்றியபோது, நியூயார்க்கின் ரயில், பஸ் சேவைகளை நடத்தும் எம்.டி.ஏ, ரயில் தாமதம் போன்ற உடனடித் தகவல்களை அங்கே போடுவதையே நிறுத்தியது. தளத்தை இனி நம்ப முடியாது என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். அமெரிக்கத் தேசிய வானிலை சேவையின் தானியங்கி எச்சரிக்கைகளுக்கும் சிக்கல் வந்தது. மே மாதத் தொடக்கத்தில் அரசுக் கணக்குகளுக்கு விலக்கு கொடுத்தாங்க. ஆனால் ஜூன் கடைசியில், உள்ளே நுழையாமல் யாரும் எதையும் படிக்க முடியாது என்று கதவைச் சாத்தினாங்க. ஒருவர் ஒரு நாளைக்கு இத்தனை பதிவுதான் படிக்கலாம் என்றும் வரம்பு வைத்தாங்க. புயல் நேரத்தில் இது நடந்திருந்தால்? கணக்கு இல்லாத ஒருவர் ஒரு பக்கத்தைத் திறந்தால் புதியது மேலே வராமல், எப்போதோ பிரபலமான பதிவுகள் மேலே வந்து நின்றதையும் நானே பார்த்திருக்கேன்.

ட்விட்டரை விட்டு ஓடணும் என்று இதற்குப் பொருள் இல்லை. மக்கள் எங்கே இருக்காங்களோ அங்கே போய்ச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் மூலம் அரசின் சொந்த இணையப் பக்கத்தில், மாறாத முகவரியில், எழுத்தாக இருக்கணும். சமூக ஊடகத்தில் வருவது அதன் எதிரொலி. பதிவிலேயே அந்த முகவரி இருந்தால், வாட்ஸ்அப்பில் வரும் படம் பழசா புதுசா என்று பார்க்க ஒரு சொடுக்கு போதும். எங்க குழுவில் நான் அரை மணி நேரம் செலவழித்திருக்க வேண்டாம்.

கணக்கை யார் கையில் கொடுப்பது என்பதும் சின்ன விஷயம் இல்லை. 2018 ஜனவரி 13 காலை 8:07-க்கு ஹவாய் தீவுகளில் எல்லா போனுக்கும் ஏவுகணைத் தாக்குதல் எச்சரிக்கை போனது. தவறுதலாக. தவறு என்று போன்களுக்குத் திருத்தம் போக 38 நிமிஷம் ஆச்சு. அதுக்குள் மக்கள் பிள்ளைகளைப் பாதாளச் சாக்கடைக்குள் இறக்கும் அளவுக்குப் போனாங்க. மாநில ஆளுநர் டேவிட் ஈகே ட்விட்டரில் சொல்ல ஏன் தாமதம் என்று பிறகு கேட்டபோது, தன் ட்விட்டர் கணக்கின் பாஸ்வேர்டு தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டார். உலகம் சிரித்தது. ஆனால் நம் ஊரில் எத்தனை துறைகளில் ராத்திரி இரண்டு மணிக்குப் பதிவு போட அதிகாரமும் பாஸ்வேர்டும் உள்ள ஒருவர் விழித்திருக்கிறார்? மேலதிகாரி ஒப்புதல் இல்லாமல் ஒரு வரி போடலாம் என்கிற உத்தரவு யாரிடம் இருக்கு?

நல்ல உதாரணமும் உண்டு. 2011 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம் வெள்ளத்தில் மூழ்கியபோது அந்த மாநிலப் போலீஸ் தன் பக்கத்தில் தகவல்களை வந்தவுடனே போட்டது. ஒவ்வொரு வரிக்கும் மேலே கோப்பு அனுப்பிக் காத்திருக்கவில்லை. வதந்திகளை ஒவ்வொன்றாக எடுத்து, இது பொய், உண்மை இதுதான் என்று அதற்கென்றே ஒரு ஹேஷ்டேக் போட்டு எழுதியது. செய்தி நிறுவனங்களே அந்தப் பக்கத்தைப் பார்த்து எழுத ஆரம்பித்தன. ஒரு போலீஸ் துறையால் முடிந்தது.

மறுப்பவர்களுக்கு

'வெள்ளத்தில் கரண்டும் டவரும் போன பிறகு ட்விட்டர் எதற்கு?' என்று கேட்பாங்க. நியாயமான கேள்வி. 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் வந்தபோது குமரி மாவட்டத்து ஆழ்கடல் மீனவர்கள் பல நாட்களுக்கு முன்பே கடலுக்குப் போயிருந்தாங்க. கரையில் எத்தனை பதிவு போட்டாலும் அவங்களுக்குப் போய்ச் சேராது. அங்கே தேவைப்பட்டது செயற்கைக்கோள் வழிச் செய்தி. ஒவ்வொரு நேரத்துக்கும் ஒவ்வொரு வழி. சமூக ஊடகத்தின் நேரம் முந்தைய நாளும், தண்ணீர் வடியும் நாட்களும்தான். நடு ராத்திரி வெள்ளத்துக்கு ஜீப் மைக்கும் பள்ளிவாசல், கோயில், சர்ச் ஒலிபெருக்கியும் செல் பிராட்காஸ்ட்டும்தான்.

தண்டோரா ஞாபகம் வருகிறது. குறிப்பிட்ட சாதியினர் தலையில் அந்த வேலையைக் கட்டி வைத்திருந்த இழிவு அதில் இருந்தது. 2022-ல் தலைமைச் செயலாளர் அதை நிறுத்தச் சொன்னது சரியான முடிவு, வண்டியில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லுங்கள் என்றார். ஆனால் பழைய முறையில் ஒன்று இருந்தது: சொல்பவர் தெருவுக்குள்ளேயே நடந்து வருவார். 'எப்பய்யா திறக்கிறாங்க, நம்ம வயக்காட்டுக்கு வருமா?' என்று வாசலில் நின்று கேட்கலாம். தெரிந்தால் சொல்வார், தெரியாவிட்டால் கேட்டு வந்து சொல்வார். இழிவை விட்டுவிட்டு அந்தக் கேள்வி-பதிலை மட்டும் புதிய கருவிக்குக் கொண்டு வந்திருக்கணும். நாம் கொண்டு வந்தது ஒலிபெருக்கியை மட்டும்.

இன்னொரு மறுப்பு: 'இவ்வளவு விவரமாகச் சொன்னால் தப்பாகப் போகலாம். பிறகு யார் பதில் சொல்வது?' அலுவலகத்தில் இருப்பவரின் இந்தப் பயம் எனக்குப் புரிகிறது. பொதுவாகச் சொன்னவர் மேல் யாரும் குற்றம் சொல்ல முடியாது. குறிப்பாகச் சொல்லித் தவறியவர் மாட்டிக்கொள்வார். ஆகவே இதை ஓர் அதிகாரியின் தைரியத்தில் விடாமல் விதியாக எழுதணும். நல்லெண்ணத்தோடு, அந்த நேரத்துத் தரவை வைத்துச் சொன்னது பிறகு தவறினால் நடவடிக்கை இல்லை. சொல்லாமல் விட்டால் விளக்கம் கேட்கப்படும். அலுவலகங்களில் நிலவும் பயம் இதற்கு நேர் எதிர். மத்திய மின்னணுவியல், தகவல் தொழில்நுட்பத் துறை 2012-லேயே அரசு அமைப்புகள் சமூக ஊடகத்தைப் பயன்படுத்த வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. நெறி இருக்கு. ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு வரி போடுபவருக்குத் தைரியம் வர அது மட்டும் போதாது.

எழுதிப் பார்த்தேன்

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போகக்கூடாது என்று அந்த அறிவிப்பை நானே எழுதிப் பார்த்தேன். ஊரும் நேரமும் கற்பனை:

'வெள்ள எச்சரிக்கை, எண் 3. வெளியிட்ட நேரம்: டிசம்பர் 3, 2023, ஞாயிறு, இரவு 9:00. எண் 2 இனி செல்லாது. ஞாயிறு இரவு 11 மணிக்கு ஏரியில் கூடுதல் தண்ணீர் திறக்கிறோம். திங்கள் அதிகாலை 3 மணிக்குள் பழைய பாலத்துக்கு வரும். ஆற்றங்கரைத் தெரு, பள்ளிவாசல் தெரு, மில் காலனி கீழ்த்தளங்களில் தண்ணீர் புகலாம். இரவு 12 மணிக்குள் அரசு மேல்நிலைப் பள்ளிக்கு வாருங்கள். திறந்திருக்கிறது, சாப்பாடு இருக்கிறது. நடக்க முடியாதவர்கள் இருந்தால் இந்த எண்ணை அழையுங்கள். மற்ற தெருக்காரர்கள் வீட்டிலேயே இருக்கலாம். அடுத்த தகவல் இரவு 11 மணிக்கு, மாற்றம் இல்லாவிட்டாலும் வரும். சொல்பவர்: வட்டாட்சியர்.'

இதில் பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் இல்லை. தேதி, இடம், நேரம், செய்ய வேண்டியது, செய்ய வேண்டாதது, அடுத்த தகவல் எப்போது, யார் பொறுப்பு. 'மாற்றம் இல்லாவிட்டாலும் வரும்' என்ற வரியை மட்டும் யோசித்துச் சேர்த்தேன். இருட்டில் காத்திருப்பவருக்கு, 'புதுசா ஒண்ணும் இல்லை' என்பதும் தகவல்தான்.

கூடவே ஒன்று. எச்சரிக்கைக்குத் தனிக் கணக்கு வேணும். ஆய்வுப் படங்கள், திறப்பு விழாக்கள், பிறந்தநாள் வாழ்த்துகள் எல்லாம் வேறு கணக்கில் தாராளமாகப் போடட்டும். பள்ளிக்கூட மணியையும் கல்யாண வீட்டு மைக் செட்டையும் ஒரே ஒயரில் இணைத்தால் மணி அடிப்பது யாருக்கும் கேட்காது.

எழுதியதை அப்பாவிடம் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு, "மில் காலனி பக்கத்துல இருக்கிற தெருவுக்கு என்னடா?" என்றார். யோசித்தேன், நான் எழுதியதிலும் ஓட்டை இருக்கு. 'மற்ற தெருக்காரர்கள்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டேன். எல்லைத் தெருவில் இருப்பவருக்கு அது போதாது. மறுபடி திருத்தணும்.

நீங்கள் யாராவது வட்டாட்சியர் அலுவலகத்திலோ, மாநகராட்சியிலோ, நீர்வளத்துறையிலோ வேலை செய்பவராக இருந்தால், இந்த மாதிரி அறிவிப்பை எழுதும்போது நடைமுறையில் எங்கே இடிக்கிறது என்று எழுதுங்க. அடுத்த ஐப்பசிக்குள் இந்த மாதிரியைச் சரி செய்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி இங்கேயே போட்டு வைக்கிறேன்.